மூன்றில் ஒரு பங்கு

அத்தியாயம் 9

ஐப்பசி மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு குடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார் என்றால், ஒன்று அவருக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் மனசு சரியில்லை. ஷேக் தாவூதின் முகத்தைப் பார்த்ததுமே இது இரண்டாவது ரகம் என்று மனைவி ஹாஜராவுக்குத் தெரிந்துவிட்டது.

முன்னறையில் மகள் ரோஷன் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பதினான்கு பெண்பிள்ளைகள், பதினான்கு சிலேட்டுகள். தாவூது அவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி அடுக்களை வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"வீடு போச்சு புள்ள" என்றார்.

எந்த வீடு என்று இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடலாம். இந்த வீடு வாடகை வீடு. "பொம்பளைப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவா வீடு விட்டேன்?" என்று வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பிள்ளைகளை அனுப்பிவிட ரோஷனுக்கு மனமில்லை. மகளை அதட்ட தாவூதுக்கு மனமில்லை. அப்போதுதான் இரண்டு சந்து தள்ளி, பினாங்குக்குக் கப்பல் ஏறப் போகும் சேக் இஸ்மாயிலின் பூர்வீக வீடு விலைக்கு வந்தது. பழைய வீடு, ஆனால் கூடம் பெரிது. முப்பது பிள்ளைகள் தாராளமாகச் சம்மணம் போட்டு உட்காரலாம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் பார்க்க, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று பேசி இஸ்மாயில் கைகொடுத்தார். "வீடு உனக்குத்தான் மச்சான்" என்று வாயாலும் சொன்னார்.

"போச்சுன்னா? இடிஞ்சா போச்சு?" என்றாள் ஹாஜரா.

"திண்டுக்கல் தோல் யாவாரி பாதுஷா ராவுத்தர் நானூறு கூடத் தாரேன்னுட்டாராம். அச்சாரமும் குடுத்துட்டாராம். இஸ்மாயில் இப்பத்தான் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போறான். செருப்பைக் கூடக் கழட்டலை."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"வெள்ளிக்கிழமை கை குடுத்தியேன்னு கேட்டேன். 'குடுத்தேன், எழுதிக் குடுக்கலையே'ன்னான். அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

முன்னறையில் பாடச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரோஷன் காதில் விழுந்துவிட்டது என்பது இருவருக்கும் புரிந்தது. தாவூது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெற்கு வெளி வீதிப் பக்கம் ரெண்டு ரூம் வீடு ஒண்ணு வாடகைக்கு இருக்கு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வந்து பேசச் சொல்லியிருக்காக. முடிச்சுட்டு வந்துர்றேன்."

"ரெண்டு ரூம்ல இந்தப் புள்ளைக எங்கிட்டு உக்காரும்?"

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுச் செம்பைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைக்கச் சொல்லு" என்றார்.

ஹாஜராவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனுஷர் நாற்பத்தைந்து வயசில் முதல்முறையாகச் சொந்த வீடு என்று ஒன்றை நினைத்துப் பார்த்தவர். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போதே, கிணற்றடியில் ஒரு முருங்கை வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். அவரை இப்போது குத்திக் காட்டி என்ன ஆகப் போகிறது?

அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது இஸ்மாயிலோட அத்தா வீடுதானே?"

"ஆமா."

"அவருக்கு ஒரு அக்கா இருக்காகள்ல? சாதிகான்னு. தெப்பக்குளத்துப் பக்கம் கட்டிக் குடுத்தாகளே. அத்தா சொத்துல பொம்பளைப் புள்ளைக்கும் பங்கு கேக்க ஹக்கு உண்டுல்ல? அந்த அக்கா சரின்னு சொன்னாகளா?"

தாவூது தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் அவன் பாத்துக்குவான்னு நெனச்சேன்."

"நாமளும் கேக்கலை, அவரும் சொல்லலை" என்றபடி ஹாஜரா கையைக் கழுவினாள். "அசர் வரைக்கும் அந்த ரெண்டு ரூமை முடிச்சுராதீக. நான் அந்த அக்காவைப் பாத்துட்டு வாரேன்."

"பாத்து?"

"தெரியலை. பாத்தாத்தான் தெரியும்."

ரோஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, துப்பட்டியோடு வாசலில் தயாராக நின்றாள். "நானும் வாரேம்மா" என்றாள். அவள் கண் சிவந்திருந்ததைத் தாய் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள்.

சோணையின் குதிரை வண்டி முக்கிலேயே கிடைத்தது. கீழவாசல் தாண்டும்போது வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"போறப்ப ஒண்ணும் இல்ல தாயி, திரும்புறப்ப மழை பிடிச்சுக்கும்" என்றான் சோணை, குதிரையிடம் சொல்வது போல.

"அந்த அக்கா என்ன சொல்வாகம்மா?" என்று ரோஷன் கேட்டாள்.

"தம்பி பக்கம்தான் பேசுவாக. கூடப் பொறந்தவுக இல்லையா?"

"அப்ப எதுக்குப் போறோம்?"

"வீட்ல உக்காந்து அழுவுறதுக்கு, வண்டியில போயிட்டு வாரது தேவலை."

ரோஷன் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அந்தக் குடும்பத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து, நடு மண்டபம் மிதப்பது போல இருந்தது. கீழ்க்கரையைத் தாண்டி வாழைத் தோட்டங்கள். அதில் ஒன்றைத்தான் சாதிகாவின் புருஷன் குத்தகைக்குப் பார்த்தார். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் சாதிகா வாழையிலைகளை நறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். கையில் கத்தி ஓடிய வேகத்தைப் பார்த்தால் முப்பது சொல்லலாம்.

"யாரும்மா?"

ஹாஜரா சலாம் சொன்னாள். "குடைக்கடை தாவூது பாய் சம்சாரம் நானு. இது மக ரோஷன். உங்க அத்தா வீட்டை விலைக்குக் கேட்டிருந்தது நாங்கதான்."

கத்தி நின்றது.

"எங்க அத்தா வீட்டையா? விலைக்கா?"

தம்பி பக்கம் பேசுவாள், சண்டைக்கு வருவாள், இதில் நான் தலையிட மாட்டேன் போங்கள் என்பாள் என்றெல்லாம் ஹாஜரா வண்டியில் நினைத்துப் பார்த்திருந்தாள். வீடு விற்கப்படுகிறது என்பதே இவளுக்குத் தெரியாது என்று நினைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமைப் பேச்சு, கை கொடுத்தது, பாதுஷா, நானூறு ரூபாய், இஸ்மாயில் பினாங்கு போகப் போவது. சாதிகா கேட்டு முடித்ததும் முதலில் கேட்ட கேள்வி ஹாஜராவைத் தலைகுனிய வைத்தது.

"அவன்தான் என்னைக் கேக்கலை. நீங்களும் என்னைக் கேக்காமத்தானே கை குடுத்தீக?"

"ஆமாக்கா. எங்க தப்புத்தான்" என்றாள் ஹாஜரா. வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

சாதிகா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. ராஜா தலை போட்ட முத்திரைத்தாள்.

"தம்பி நேத்து ஒரு ஆள்கிட்ட குடுத்தனுப்பியிருந்தான். வீட்டு வரி கட்டுற காயிதமாம். இதுல ஒரு கைநாட்டு வச்சுட்டு, நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து ஒரு தடவை தலையாட்டினாப் போதும்னு சொல்லிவிட்டான். இன்னைக்குச் சாயங்காலம் அந்த ஆளு திரும்ப வருவாரு. இதுல வரிதான் எழுதியிருக்கா?"

ஹாஜரா வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. வரிவரியாக எறும்பு ஊர்வது போல இருந்தது. மகளிடம் நீட்டினாள்.

ரோஷன் முதலில் மனசுக்குள் படித்தாள். அவள் முகம் மாறியது.

"சத்தமாப் படிம்மா" என்றாள் சாதிகா.

"'...மேற்படி வீட்டில் எனக்குப் பாத்தியப்பட்ட மூன்றில் ஒரு பங்கை, ரூபாய் இருபத்தைந்து ரொக்கம் பெற்றுக்கொண்டு, என் தம்பி சேக் இஸ்மாயிலுக்கு மனப்பூர்வமாய் விடுதலை செய்து கொடுத்திருக்கிறபடியால், இனி மேற்படி வீட்டில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை...'"

வாழைத் தோட்டத்துக்குள் எங்கோ ஒரு மண்வெட்டி வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை படி."

ரோஷன் படித்தாள். சாதிகா ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சு ரூபா கூட எனக்கு வரலைம்மா" என்றாள். அழுகையில்லை. கணக்கில் ஒரு தவறைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "எங்கம்மா மவுத்தாப் போன பொறவு ரெண்டு வருஷமா அவன் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலை. காயிதம் வந்ததும் எம்புட்டுச் சந்தோசப்பட்டேன் தெரியுமா? தம்பி என்னை நெனச்சிருக்கானேன்னு."

ஹாஜராவின் நெஞ்சுக்குள் இரண்டு குரல்கள் கேட்டன. இந்த நேரம் பார்த்து, வீட்டை எங்களுக்கே கொடுங்கள் என்று கேட்டால் இவள் கொடுத்துவிடுவாள் என்றது ஒன்று. சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறதே என்றது இன்னொன்று. அவள் இரண்டாவதைக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லிர்றேன். பாதுஷா ராவுத்தர் சொன்ன விலைக்கு வித்தா உங்க பங்குக்கும் நூறு நூத்தம்பது கூடத்தான் வரும். எங்களுக்குன்னா அம்புட்டுக் குறையும். நீங்க அதையும் யோசிச்சுக்கங்க."

ரோஷன் தாயைத் திரும்பிப் பார்த்தாள். இதை ஏன் சொன்னாய் என்று கேட்கிற பார்வைதான். ஆனால் அதில் கோபம் இல்லை.

"அதை வண்டியில யோசிச்சுக்கிறேன்" என்று சாதிகா எழுந்தாள். "என் துப்பட்டியை எடுத்துட்டு வாரேன். வண்டிக்காரனை நிக்கச் சொல்லுங்க."

சோணை சொன்னபடியே திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கீழவாசல் வந்ததும் சாதிகா, "அந்தப் பாதுஷா வீட்டை என்ன பண்ணப் போறாராம்?" என்று மட்டும் கேட்டாள்.

"தோல் கட்டு அடுக்குற குடோனா வச்சுக்குவாருன்னு பேச்சு" என்றாள் ஹாஜரா. சாதிகா தலையை ஆட்டிவிட்டு வெளியே மழையைப் பார்த்தாள்.

குடைக்கடை முன்னால் ஹாஜரா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மழைக்குக் கூட்டம் இருந்தும், தாவூது போட்டது போட்டபடி இறங்கி வந்தார்.

"அந்த ரெண்டு ரூமு?" என்றாள் ஹாஜரா.

"இன்னும் போகலை. அசர் வரைக்கும் பொறுக்கச் சொன்னேல்ல?"

அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "கூட வாங்க" என்றாள்.

இஸ்மாயிலின் வீட்டுக் கூடத்தில் பாதுஷா ராவுத்தர் பெஞ்சியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடி. கூடத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ஹாஜராவும் ரோஷனும் நடையிலேயே நின்றுவிட்டார்கள். சாதிகா நிற்கவில்லை. பிறந்த வீட்டுக்குள் யாரைக் கேட்டு நுழைய வேண்டும்?

"அக்கா!" என்று இஸ்மாயில் எழுந்தார். பின்னால் தாவூது வருவதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "மழையில எதுக்கு வந்தே? ஆளு வருவான்னு சொல்லிவிட்டேனே."

"மை கொண்டா. கைநாட்டு வைக்கத்தான் வந்திருக்கேன்." சாதிகா காகிதத்தைப் பெஞ்சியில் விரித்தாள். "அதுக்கு முன்னாடி இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டு. இந்த ராவுத்தரும் கேக்கட்டும்."

இஸ்மாயில் காகிதத்தைத் தொடவில்லை.

"நீதானே வரிக் காயிதம்னு சொன்னே? படி."

"அக்கா, உள்ள வா, பேசிக்கலாம்..."

"ரோஷன்! நீ படிம்மா."

ரோஷன் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். குரல் முதல் சொல்லில் நடுங்கியது. இரண்டாம் வரிக்குள் வகுப்பில் பாடம் சொல்கிற குரலாகிவிட்டது. அந்தக் கூடத்தில் அது கணீரென்று கேட்டது. நடையில் நின்ற ஹாஜரா மூச்சு விடாமல் கேட்டாள். மகள் படிப்பதைப் பெரியவர்கள் இத்தனை பேர் வாய்மூடி நின்று கேட்பதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

'யாதொரு பாத்தியமும் இல்லை' என்ற இடம் வந்ததும் பாதுஷா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா சம்மதம் வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே தம்பி?"

இஸ்மாயில் சுவரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையே எனக்குக் கை குடுத்த வீடு பாய் இது" என்றார் தாவூது.

"வெள்ளிக்கிழமை வேற ஒருத்தருக்குக் கை குடுத்த வீடுன்னும் எனக்குச் சொல்லலை" என்றார் பாதுஷா, தாவூதைத் திரும்பிப் பார்த்து. மெதுவாக எழுந்து வேட்டியை உதறினார். "நான் தோல் யாவாரி. நாத்தத்துல பொழைக்கிறவன். இருந்தாலும் இந்த நாத்தம் எனக்கு வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இங்கதான் வருவேன். அச்சாரத்தை எடுத்து வைங்க. அம்மா, மன்னிச்சுருங்க."

கடைசிச் சொல் சாதிகாவுக்கு. அவர் மழையிலேயே இறங்கிப் போனார்.

சாதிகா காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். பிறகு தாவூதின் பக்கம் திரும்பினாள்.

"பாய், வெள்ளிக்கிழமை பேசுன விலைக்கு எனக்குச் சம்மதம். மூணுல ஒண்ணு என் கையில வரணும். தம்பி கை வழியா வேணாம்."

தாவூது தலையாட்டினார். "உங்க கையிலதான் அக்கா. ஆனா கூடுதல் விலை வந்தும் நீங்க எதுக்கு..."

"கூட வரும்னு உங்க வீட்டுக்காரி மறைக்காமச் சொன்னா. இந்த வீட்டு விசயத்துல எனக்கு உள்ளதைச் சொன்னது அவ ஒருத்திதான்." அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எங்கம்மா கண்ணை மூடின இடம் இது. இங்க தோல் கட்டு கிடக்க வேணாம். புள்ளைக உக்காரட்டும்."

பிறகு ரோஷனிடம், "உன் பள்ளிக்கூடத்துல வயசெல்லாம் பாப்பீகளா?" என்று கேட்டாள்.

"பாக்க மாட்டோம் பெரியம்மா. காலையில எட்டு மணிக்கு வாங்க" என்றாள் ரோஷன்.

நடையில் நின்ற ஹாஜரா அப்போதுதான் இஸ்மாயிலைக் கவனித்தாள். பெஞ்சியின் ஓரத்தில், சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை.

"மச்சான்" என்றார், தரையைப் பார்த்தபடி. "உனக்கே எழுதித் தாரேன். ஆனா அச்சாரம் முழுசா என் கையில இல்ல. பாதிக்கு மேல கப்பல் சீட்டுக்கு ஏசண்டுகிட்ட குடுத்துட்டேன். அவன் நாளைக் காலையில நாகப்பட்டணத்துக்கு ரயிலேறுறான். ஏறிட்டான்னா பணம் வராது. அச்சாரத்தைத் திருப்பாம வீட்டை உனக்கு எப்படி எழுதுவேன்? வெள்ளிக்கிழமை பாதுஷாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சாதிகா பல்லைக் கடித்தாள். இவனை இப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் முகம் சொன்னது. ஹாஜராவுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. தாவூது என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தாள்.

காலையில் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷர், இப்போது பெஞ்சிக்குப் போய் இஸ்மாயிலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை மணி ரயிலு?"

"ஆறரைன்னு சொன்னான்."

"அப்ப அஞ்சு மணிக்கே ஸ்டேஷன்ல நிப்போம். நீ ஆளைக் காட்டு. பேசுறதை நான் பேசிக்கிறேன்."

இஸ்மாயில் நிமிர்ந்தார். அன்றைக்கு அவர் தாவூதின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நான் உனக்குப் பண்ணினதுக்கு, நீ எதுக்கு மச்சான் எனக்காக வாரே?"

"உனக்காக யாரு வாரா?" என்றார் தாவூது. "எனக்கு வீடு வேணும்ல?"